எறும்பு வெளியே போகும் வழி

பிளாஸ்டிக் தட்டில் மருந்து நுரைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படம் வந்தது. அலுமினியத்தை அரிக்கிற மருந்து. துருவைக் கரைத்து வைத்த மாதிரி பழுப்பாக இருக்கும், பட்ட இடமெல்லாம் கறை. டப்பாவை அதில் இறக்கிய உடனே கொதிக்க ஆரம்பித்துவிடும். கொஞ்சம் அசந்தால் டப்பாவையே தின்றுவிடும் என்பதால் முக்குவது, எடுப்பது, கழுவுவது, மறுபடி முக்குவது என்று வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் கையுறையும் முகமூடியுமாகக் குந்தியிருந்தேன். போன் சுவரோரம் கிடந்து உறுமியது. கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்துப் பார்த்தேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கருவிகள் விற்கிற ஒரு கடையில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் வீட்டில் கிட்டார் பெடல் செய்கிறேன். கிட்டார் வாசிக்கிறவர்கள் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி. மிதித்தால் சாதுவான சத்தம் பல்லைக் கடித்துக்கொண்டு உறுமும். என் பெண்டாட்டி அதை டப்பா என்பாள். அவள் சொல்லிச் சொல்லி, வாசிக்கிற பையன்களும் என்னை டப்பாக்காரர் என்றே கூப்பிடுகிறார்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் எவன் வேண்டுமானாலும் செய்துவிடக் கூடியதுதான். என் டப்பாவைத் தேடி வாங்குகிறார்கள் என்றால் அதன் மேலே செதுக்கின மாதிரி எழும்பி நிற்கும் பூங்கொடிக்காக. அந்தப் பூங்கொடி என் கைவேலை இல்லை, எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்காவுடையது.

மாடி அக்கா எங்களுக்கு உறவெல்லாம் கிடையாது. துணி ஆல்ட்டர் செய்யும் கடையில் வேலை. ஒரு பையோடு வந்து ரூம் கேட்டாள். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. என் பெண்டாட்டிக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, என்னாச்சு என்று கேட்டுவிட்டாள். "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு," என்றாள் அக்கா. பிறகு துணியை மடித்துக்கொண்டே, "அவர் மூடின கதவு," என்றாள். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. போலீசுக்குப் போனதும், அவர்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் புத்தி சொல்லி அதே வீட்டுக்கு அனுப்பி வைத்ததும், அடுத்த நாள்தான் அந்தக் கதவு என்பதும் துண்டு துண்டாகப் பின்னால் தெரிந்த விஷயங்கள்.

ஒரு நாள் நான் டப்பாவில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "கொடுங்க தம்பி, பாக்கவே பாவமா இருக்கு," என்று பெயிண்ட் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். பேனா பட்ட இடத்தை மருந்து தொடாது. படாத இடம் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். மெல்லிய கோடுகளுக்கு என் பெண்டாட்டியின் நகப்பூச்சு. வரைந்து முடித்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு பூவிலும் கடைசி இதழின் கோடு முழுசாகச் சேராமல் மயிரிழை விட்டு நின்றிருந்தது. மறந்துட்டீங்களா என்றேன். "மூடிட்டா உள்ள இருக்கிற எறும்பு எப்படி வெளிய போகும்?" என்றாள். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. டப்பாவைப் படம் பிடித்து இணையத்தில் என் பக்கத்தில் போட்டேன். நல்ல பேர் வந்தது. வந்ததே என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

இப்போது போனில் வந்திருந்தது ஒரு பூங்கொடிப் படம். வெள்ளைத் துணியில் நீல நூலில் தைத்தது. கீழே, 'இதே டிசைனில் ஒரு பெடல் செய்து தர முடியுமா? நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்று மரியாதையான எழுத்து. எனக்கு ஒரே குஷி. 'எங்கள் டிசைன் மாதிரியே இருக்கிறதே, தாராளமாக வாங்க' என்று கடை முகவரியையும் போட்டு உடனே அனுப்பிவிட்டேன். யோசிக்கிற பழக்கம்தான் எனக்குக் கிடையாதே. பிறகு மாடிக்குப் போய், "அக்கா, உங்களை மாதிரியே ரசனை உள்ள ஆள் ஒருத்தர் மாட்டியிருக்காரு," என்று போனை நீட்டினேன்.

அக்கா பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். கேஸ் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான்தான் போய் அணைத்தேன்.

"இது என் தலையணை உறை," என்றாள். "அந்த வீட்டுல இருக்கு."

என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அக்கா புருஷனுக்கு என்னைத் தெரியாது, வீட்டைத் தெரியாது. ஆனால் அந்தக் கையைத் தெரியும். நான் ஊர் பார்க்க விளம்பரம் போட்டிருக்கிறேன், பூ பூவாக.

சாயங்காலம் எங்கள் சமையலறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கதவுத் தாழ்ப்பாளை என் பெண்டாட்டி இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "டப்பா இல்லை, மனசு மாறிடுச்சுன்னு சொல்லிடுங்க," என்றாள் என்னிடம்.

"வேணாம்," என்றாள் அக்கா. "இன்னிக்கு வாங்கன்னு சொல்லிட்டு நாளைக்கு வராதீங்கன்னா, நான் இங்கதான் இருக்கேன்னு அவருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி."

"அப்ப கிளம்பிடுங்க அக்கா. எங்க சித்தி வீடு இருக்கு. நானே கொண்டுபோய் விடுறேன்."

அக்கா மடங்காத விரல்களை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். "இதோட எத்தனை வீடு மாறிட்டேன் தெரியுமா? இங்கதான் ராத்திரி தூங்குறேன். மறுபடி மூட்டை கட்டத் தெம்பு இல்லை," என்றாள். என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்க வரையுங்க. என்னை மாதிரியே. உங்க கைதான்னு அவர் நம்பிட்டா, திரும்பிப் போயிடுவாரு."

அடுத்த சில நாட்கள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தண்டை எங்கே ஆரம்பிப்பது, எந்த இடத்தில் பேனாவை எடுக்காமல் திரும்புவது, இதழ் நுனியில் எவ்வளவு மெதுவாகப் போவது என்று அக்கா என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்லிக் கொடுத்தாள். தாள் தாளாகக் கிழித்தேன். "உங்க பூ எல்லாம் ஏங்க முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு?" என்று என் பெண்டாட்டி கேட்டதற்கு மூன்று பேருமே சிரித்தோம், ஆனால் வாசலில் ஏதோ வண்டி நின்ற சத்தத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே அறுந்தது. வேறு யாரும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான். கடைசியில் டப்பாவில் நானே வரைந்தேன், நானே முக்கினேன், கறுப்பு மை பூசி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பூக்கள் பளபளவென்று எழும்பி நின்றன. அக்கா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எனக்கே அடையாளம் தெரியலை," என்றாள். அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா, பழைய துணி ஒண்ணுல பார்த்தேன்னு சொல்லுங்க. அதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க," என்றாள். சரி சரி என்று தலையாட்டினேன்.

அவர் வந்தது மாலையில், கடையில் நான் தனியாக இருந்தபோது. முதலாளி வெளியூர் போயிருந்தார். நான் மனதில் வைத்திருந்தது மீசையும் முரட்டுக் கழுத்துமாக ஒரு ஆளை. வந்தவர் இஸ்திரி போட்ட சட்டையில், மூக்குக்கண்ணாடியோடு, நம் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் மாதிரி இருந்தார். கால்மிதியில் செருப்பை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளேயே வந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் கூடிப்போனது.

டப்பாவை எடுத்து முன்னால் வைத்தேன். "வாசிச்சுப் பாக்குறீங்களா சார்? கிட்டார் மாட்டித் தரேன்."

"எனக்கு வாசிக்கத் தெரியாது," என்றார் சாதாரணமாக. "பூவுக்காகத்தான் வந்தேன்."

கட்டைவிரலால் கொடியைத் தண்டிலிருந்து தடவிக்கொண்டே போனார். ஒவ்வொரு பூவிலும் கடைசி இதழில் விரல் நின்று நின்று நகர்ந்தது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போன சத்தம்கூட என் காதுக்குள் போனது மாதிரி இருந்தது.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான் சார்."

அவர் நம்பவில்லை என்று முகம் காட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பில் புத்தகத்தைத் திருப்பி, அதன் பின்னட்டையை என் பக்கம் தள்ளினார். "ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டுங்களேன்."

பேனாவை வாங்கிக்கொண்டேன். தண்டு வளைந்தது, இலை திரும்பியது, இதழ்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கடைசி இதழை மயிரிழை விட்டு நிறுத்தினேன். அத்தனை தாள் கிழித்தது வீண் போகவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. நம்பிவிட்டார். ஏமாந்துபோன மனுஷனாகவே தெரிந்தார், ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது எனக்கு.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"பழைய துணி ஒண்ணுல பார்த்தேன் சார். அப்படியே கைக்கு வந்திருச்சு."

"ஓ," என்று தலையாட்டினார். டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டார். கதவு வரை போய்விட்டார். தப்பித்தோம் என்ற நினைப்பு தலைக்கு ஏறியது. அந்த நேரம் பார்த்து அவர் திரும்பி, ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "இந்தக் கடைசி இதழை மட்டும் ஏன் மூடாம விடுறீங்க?" என்று கேட்டார்.

"மூடிட்டா உள்ள இருக்கிற எறும்பு எப்படி சார் வெளிய போகும்?" என்றேன்.

சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்குக் காதில் கேட்டது. அது என் பேச்சு இல்லை. ராகம்கூட என்னுடையது இல்லை.

அவர் மெல்லச் சிரித்தார், பழைய வேடிக்கை ஒன்றை ரொம்ப நாள் கழித்துக் கேட்டவர் மாதிரி. "எறும்பு," என்றார். "ஆமா, அது போகணும்ல." கதவைத் திறந்தார். "வீட்டுல எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க."

கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தெருவைக் கடந்தார், எதிரே நிறுத்தியிருந்த சாம்பல் நிறக் காரில் ஏறினார், கதவைச் சாத்தினார். கார் கிளம்பவில்லை. டப்பாவைப் பையிலிருந்து எடுத்து ஸ்டியரிங்குக்கு முன்னால், எனக்குத் தெரிகிற மாதிரி வைத்தார். பிறகு சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கடையைச் சாத்துவேன், வீட்டுக்குப் போவேன். அவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்.

உள்ளறைக்குப் போய்ப் போன் போட்டேன். என் பெண்டாட்டியிடம் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அக்கா போனை வாங்கிக்கொண்டாள்.

"எறும்பா?" என்றாள்.

"அக்கா, என்னை..."

"விடுங்க. புதுசுல அவரும் அதைக் கேட்டுச் சிரிச்சிருக்காரு." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "கார் அங்கேயே நிக்குதா?"

"நிக்குது."

"பின்பக்கமா எதுவும் போயிடாதீங்க. உங்களைக் காணோம்னா பக்கத்துல விசாரிப்பாரு, டப்பாக்காரர் வீடு எதுன்னு. யாராவது கை காட்டிடுவாங்க. அவரு கண்ணு முன்னாடியே இருங்க. முடிஞ்சவரைக்கும் இருங்க தம்பி, அதுக்குள்ள நான் கிளம்பிடுறேன்." பின்னால் என் பெண்டாட்டி எதையோ தேடி அலமாரியை இழுக்கும் சத்தம். "அந்த பெயிண்ட் பேனாவை மூடி போடாம மேஜையில வெச்சிட்டேன். காஞ்சிடும், வந்து மூடி வெச்சிடுங்க," என்றாள். இணைப்பு அறுந்தது.

முன்பக்கம் வந்தேன். வெளியே இருட்ட ஆரம்பித்திருந்ததால் கடை விளக்குகளை எல்லாம் போட்டேன். ரிப்பேர் மேஜையை இழுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அங்கே கிடந்த வெற்று டப்பா ஒன்றையும் ஒரு மார்க்கரையும் எடுத்துக்கொண்டு, அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். எதிரே காருக்குள் அவர் மூக்குக்கண்ணாடி ஒரு தடவை மின்னியது. தண்டை ஆரம்பித்தேன். அக்கா சொல்லிக் கொடுத்ததைவிட மெதுவாக. கோடு அங்கங்கே நெளிந்தது. பரவாயில்லை. ஒரு பூ முடிந்ததும் நிமிர்ந்து பார்ப்பேன், கார் இருக்கும். குனிந்து அடுத்த பூவைத் தொடங்குவேன். மேல்பக்கம் நிறைந்ததும் டப்பாவைத் திருப்பிப் பக்கச் சுவரில் வரைந்தேன். போன் பக்கத்திலேயே மல்லாந்து கிடந்தது, எதுவும் வரவில்லை. ஒவ்வொரு பூவிலும் கடைசி இதழுக்கு வந்து, கோடு சேருவதற்குச் சற்று முன்னால் மார்க்கரைத் தூக்கினேன்.