தொண்ணூறு மார்க் தமிழ்

கடைசி விடைத்தாளையும் மூடி வைத்தபோது அமுதவல்லி டீச்சருக்குக் கண் எரிந்தது. வரிக்கு வரி பிழை. ஒன்றைக்கூடச் சுழிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டு, தொண்ணூற்றுக்குக் குறையாமல் மதிப்பெண்ணும் போட்டிருந்தாள்.

முதல்வர் விஜயராகவனின் உத்தரவு அப்படி. புதுச்சேரியின் அந்தத் தனியார் பள்ளியில் தமிழோ பிரெஞ்சோ எதையாவது ஒன்றை எடுத்துப் படிக்கலாம். மார்க் எங்கே கொட்டுகிறதோ அங்கேதான் கூட்டம். பத்துப் பேருக்குக் கீழே போனால் தமிழ் வகுப்பே கிடையாது என்று சொல்லிவிட்டார். இப்போது இருப்பது சரியாகப் பத்துப் பேர். வகுப்பைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, கண்ணை மூடிக்கொள்வது. மூடி மூடியே அலுத்துப்போயிருந்தாள்.

"மிஸ், நான் பிரெஞ்சுக்கு மாறிக்கிறேன்." வாசலில் அரியாங்குப்பத்து மாணவி சரிதா.

"ஏம்மா? இந்தத் தடவையும் தொண்ணூத்திரெண்டு வாங்கிருக்கியே."

"அதான் மிஸ் பிரச்சினையே. தமிழ்ல நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு எங்க தெருக் கோயில் திருவிழா போர்டை எழுதச் சொன்னாங்க. தெருவே நின்னு படிச்சுச் சிரிச்சிடுச்சு. எங்கப்பா ஏணி போட்டு ஏறி அழிச்சாரு."

"பிரெஞ்சுல மட்டும் தப்பு வராதா?"

"வரும். ரெனே சார் விட மாட்டாரு. திட்டுவாரு, திரும்ப எழுத வெப்பாரு. நீங்க ஒருநாள்கூடத் திட்டினதில்ல. எங்களுக்கெல்லாம் வராதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா மிஸ்?"

அமுதவல்லி கட்டை அவிழ்த்தாள். சரிதாவின் விடைத்தாளைத் தேடி எடுத்தாள்.

"உக்காரு. நெஜமா திருத்தினா முப்பதுதான் தேறும்."

"அவ்ளோதானா?" சரிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "திருத்துங்க மிஸ். பிரெஞ்சைப் பத்தி அப்பறம் பாக்குறேன்."

மறுநாள் பத்துத் தாள்களும் திருத்தப்பட்டு முதல்வர் மேஜைக்குப் போயின. விஜயராகவன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முப்பது, இருபத்தஞ்சு... பெத்தவங்க வந்து நின்னா யாரும்மா பதில் சொல்றது? வகுப்பை மூட வேண்டியதுதான்."

"மூடுங்க சார்." அமுதவல்லியின் குரலில் கோபம்கூட இல்லை; அசதிதான். "பத்துப் பேர் தமிழ் படிக்கிறாங்கன்னு கணக்குக் காட்டிக்கிட்டிருக்கோம். ஒருத்தருக்கும் எழுத வரல. பிள்ளைங்க தப்பா எழுதுறதால ஒரு மொழி அழியாது சார். தப்புன்னு சொல்ல வேண்டிய நாம வாயை மூடிக்கிட்டாத்தான் அழியும்."