முன் சீட்டு

வெற்றிலைத் துப்பலைக் கண்டால் இன்றைக்கும் நான் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவேன். அன்று துப்பியவர் எங்கள் கந்தோரில் எனக்கு மேலே இருந்த சீவ் கிளாக் கனகசபாபதி. ஆனாலும் அவரைவிட எனக்கு என்மேல்தான் அருவருப்பு அதிகம். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று ஊரெல்லாம் கதைத்துக்கொண்டிருந்த நாற்பத்தேழாம் ஆண்டு. எங்கள் வீடு கொழும்பில், வெள்ளவத்தையில். எனக்குக் கோட்டையில் கோறணமேந்து உத்தியோகம், அரசாங்கக் கிளாக்கர். என் மனைவி பத்மாவதி கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. இரண்டு வருடமாகத் தற்காலிகம். காலையில் இருவரும் காலி வீதி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவோம். ஒருவனுடைய அக்குள் மூக்கில் இடிக்கும், இன்னொருவனுடைய கருவாட்டுக் கூடை முழங்காலில் இடிக்கும். கோட்டையில் இறங்கிப் பத்மா ட்ராமுக்கு ஓடுவாள். எத்தனை தரம்தான் ஓடுவது? அவள் பிந்திப் பிந்திப் போனதில் தலைமைக் கன்னியாஸ்திரி, நேரத்துக்கு வராவிட்டால் நிரந்தரமாக்கச் சொல்லி எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் கொட்டாஞ்சேனையில் பழைய வாகனங்கள் விற்கும் அலவியிடம் போனோம். அவருடைய வளவில் எங்களுக்குக் கட்டுப்படியாகக்கூடியவை இரண்டுதான் நின்றன. ஒன்று சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிள். மற்றது துணிக்கூரை போட்ட பழைய கார். பக்கங்களில் கண்ணாடிகூட இல்லை. நான் காரைச் சுற்றிவந்து முடிப்பதற்குள் பத்மா சைட்காருக்குள் ஏறிச் சேலையை ஒதுக்கிக்கொண்டு இருந்துவிட்டாள்.

"எனக்கு இது காணும். எட்டு மணிக்கு நான் அங்க நிக்கவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

"உமக்கென்ன விசரே? கோறணமேந்து உத்தியோகத்தன் பெண்சாதியைத் தொட்டிலுக்குள்ள இருத்திக்கொண்டு காலி ரோட்டால போறதோ? சனம் என்ன கதைக்கும்?"

அலவி சிரித்தார். "சனம் பேசும்தான் தொர. பஸ்ஸுல நிண்டுகொண்டு பேசும். நீங்க அதுக்குள்ள கொட்டாஞ்சேனைக்கு வந்திடுவீங்க. மிஸிஸ் சொல்றதுதான் சரி."

விற்கிறவனே சொன்னான். நான் கேட்கவில்லை. காரைத்தான் வாங்கினேன். விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம். கனகசபாபதியின் வீடு எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தது. என் பதவி உயர்வு அவர் எழுதும் ஒரு வரியில் இருந்தது. கார் வாங்கும்போது அந்த நினைப்பே எனக்கு இருக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகும்.

முதல் திங்கட்கிழமை காரை வெளியில் எடுத்தபோது அவர் எங்கள் படலையடியில் குடையோடு நின்றார்.

"ஐசே, கார் வாங்கினீராம். நல்லது, நல்லது."

பத்மா முன் சீட்டில் இருந்தாள். நிலைமை விளங்கித் தானாகவே இறங்கிப் பின்னால் போனாள் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான்தான் கண்ணைக் காட்டினேன்.

அன்றிலிருந்து கார் எங்களுடையது, நேரம் அவருடையது. அவர் இடியப்பம் தின்று, ஏப்பம் விட்டு, வெற்றிலை போட்டு, வாயோரத்தில் சாறு வழிய வந்து ஏறும்வரை நாங்கள் காத்திருப்போம். கோட்டையைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைக்குப் போய்த் திரும்பினால் கந்தோருக்குப் பிந்திவிடும். ஆகையால் பத்மா முன்போலவே கோட்டையில் இறங்கி ட்ராமுக்கு ஓடினாள். அவளுக்காக வாங்கிய கார் அது. மூன்று மாதமாக அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு அவள் வந்தாள். அவர் ஒருநாளாவது திரும்பி, பின்னால் இருப்பது ஆளா மூட்டையா என்று பார்த்ததில்லை.

பிறகு, பத்மாவின் பாடத்தைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அறிவித்தல் வந்தது. அவர் நல்லதாக எழுதினால் வேலை நிரந்தரம்.

"இண்டைக்கு மட்டும் உங்கட சேரை விட்டிட்டு ஏழு மணிக்கு வெளிக்கிடுவமே? என்னைப் பள்ளிக்கூட வாசல்ல இறக்கிவிடுங்கோ" என்று இன்ஸ்பெக்டர் வரும் நாள் காலையில் கெஞ்சினாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை உடுத்திருந்தாள்.

ஓம் என்றேன். படலையைத் திறந்தால், அன்றைக்கென்று கனகசபாபதி, கந்தோரில் எனக்கும் அவருக்கும் அவசர வேலையாம், ஏழு மணிக்கே வந்து நிற்கிறார். ஏறுங்கோ சேர் என்று சொன்ன வாய் இந்த வாய்தான்.

காலிமுகத்திடலில் சோளகக் காற்று கடலிலிருந்து வாரியடித்தது. கனகசபாபதி கடற்பக்கம் தலையை நீட்டி வாய் நிறையத் துப்பினார். எதிர்க்காற்று அதை அப்படியே அள்ளிப் பின் சீட்டில் வீசியது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். பத்மாவின் கன்னம், தோள், மடி எல்லாம் சிவப்பு. பாக்குத் துகள் ஒன்று அவளுடைய உதட்டோரத்தில் ஒட்டியிருந்தது.

"என்ன ஐசே, பட்டிட்டுதோ?" திரும்பிப் பார்க்காமல்தான் கேட்டார்.

"பரவாயில்லை சேர்" என்றேன்.

பத்மா புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். கோட்டையில் இறங்கி, அந்தச் சேலையோடு அத்தனை சனத்துக்கு முன்னால் ட்ராமுக்கு நடந்தாள். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போவதற்குள் இன்ஸ்பெக்டர் மற்ற வகுப்புகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தார். அடுத்த மாதம் இன்னொரு நாள் வருவாராம், அதுதான் கடைசி.

பின்னேரம் வீட்டில் அவள் அழவில்லை. "பரவாயில்லை எண்டு நான் எல்லோ சொல்லவேணும். நீங்கள் ஏன் சொன்னனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் தொடக்கம் அவள் காரில் ஏறவில்லை. இரண்டு கிழமை பஸ்ஸில் போனாள். அதற்குப் பிறகு, கூடப் படிப்பிக்கும் புளோறன்ஸோடு போகிறேன் என்றாள். எப்படி என்று நான் கேட்கவில்லை. என் பின் சீட்டை நான் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். கறை போகவில்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடி வரும் நாள் வந்தது. பத்மா எனக்கு முன்னமே வெளிக்கிட்டுப் புளோறன்ஸ் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வழக்கம்போலக் கனகசபாபதியை ஏற்றிக்கொண்டு போய்க் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் மாட்டுப்பட்டேன். முன்னால் மாட்டுவண்டிகள், பின்னால் பஸ். அரை மணித்தியாலமாகச் சக்கரம் உருளவில்லை. மாட்டுச் சாணியும் அவருடைய வெற்றிலையும் சேர்ந்து நாறின.

எனக்கு வலப்பக்கத்தால் ஒரு மோட்டார் சைக்கிள் படபடவென்று வந்து, எதிரே வந்த லொறிக்கு வழிவிட என் முழங்கையடியில் நின்றது. அலவியின் வளவில் நின்ற அதே மோட்டார் சைக்கிள். ஓட்டியவர் புளோறன்ஸின் புருசன். அவருக்குப் பின்னால் புளோறன்ஸ். சைட்காருக்குள் தலையில் துணி கட்டிக்கொண்டு, துளி அழுக்கில்லாத வெள்ளைச் சேலையில் பத்மா.

கனகசபாபதி எட்டிப் பார்த்தார். மூன்று மாதம் தன் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"சீ! தொட்டிலுக்குள்ள குந்திக்கொண்டு போகுது. புருசனெண்டு ஒருத்தன் இருப்பான் எல்லோ, அவனுக்கு ரோசமில்லையோ? ஆர் ஐசே அது? உமக்குத் தெரியுமோ?"

பத்மா என்னைப் பார்த்தாள். கையை நீட்டினால் அவளைத் தொடலாம். என் பதவி உயர்வுக் கடிதம் அந்தக் கிழமைதான் அவருடைய மேசையில் இருந்தது.

"தெரியாது சேர்."

லொறி போய்விட்டது. பத்மா என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிப் புளோறன்ஸின் புருசனைப் பார்த்தாள்.

"எடுங்கோ அண்ணை" என்றாள். "எட்டு மணிக்கு நான் அங்க நிக்கவேணும்."