பழைய தட்டு, கவனம்

“அது கடிகாரம், மாமா.”

“தெரியுது. முள்ளு ஓடுது, நம்பர் ஒட்டியிருக்கு. அதுக்கு முன்னாடி அது என்னவா இருந்துச்சுன்னு கேக்குறேன்.”

“ரெக்கார்டா இருந்திருக்கும்.”

“இருந்திருக்கும்! நல்லா வாழ்ந்து போன மனுஷனைப் பத்திச் சொல்ற மாதிரி சொல்றீங்க, மாப்பிள்ளை. பின்னாடி பேட்டரியைச் சொருகிச் சுவத்துல அடிச்சு வெச்சிருக்கான். இந்த லட்சணத்துல வாசல்ல ‘பாட்டுக்கடை’ன்னு போர்டு வேற.”

கடைப்பெண் சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்தாள். “சார், நடுவுல உங்க போட்டோ கூட ஒட்டிக் கொடுப்போம்.”

“என் போட்டோவைச் சுவத்துல மாட்டவா? நான் இன்னும் சாகலையேம்மா.”

அவள் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. மருமகன் மாமனாரின் முழங்கையைப் பிடித்து மெதுவாக வெளியே கூட்டிவந்தான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். எதையும் அழுத்திப் பிடித்தால் உடைந்துவிடும் என்பதுபோலத்தான் பிடிப்பான், மாமனார் உட்பட.

மாமனார் வேறொரு நகரத்தில் முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மனைவி போன பிறகு தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவரை, மகள்தான் “போதும்ப்பா, வந்துடுங்க” என்று இரண்டு மாதம் முன்பு இங்கே வரவழைத்தாள். லாரியில் கட்டில் வந்தது, அலமாரி வந்தது, பாட்டுப் பெட்டி ஒரு கீறல் இல்லாமல் வந்தது. இசைத்தட்டுகள் இருந்த பெட்டி மட்டும் வரவில்லை. எழுபத்தோரு தட்டுகள். லாரிக்காரர்கள் வழியில் தொலைத்துவிட்டார்கள் என்றாள் மகள்.

அன்றிலிருந்து காலையில் பல் தேய்த்ததும் லாரி ஆபீசுக்குப் போன் போட்டுத் திட்டுவது அவருக்குத் தேகப்பயிற்சி மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பக்கம் பேசுகிற மேனேஜருக்குத் தொண்டை எப்போதும் கட்டியிருக்கும்.

“சார், ஏத்தினது பதினாலு உருப்படி, இறக்கினதும் பதினாலு. உங்க பொண்ணே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க.”

“அப்போ என் பொண்ணு பொய் சொல்றாளா?”

“நான் அப்படிச் சொல்லல சார்.”

“சொல்லித்தான் பாரேன். திருட்டுப் பயலே.”

சாயங்காலம் ஆனால் பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து சுவிட்சைப் போடுவார். வெறும் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அதையே பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் ஏறாத லிஃப்ட் ஒன்று எல்லா மாடியிலும் நின்று, கதவு திறந்து, மூடி, மறுபடி கிளம்புவது போல இருக்கும் அது. மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்து, அதைப் பார்த்துவிட்டு நேரே சமையலறைக்குப் போவாள்.

“ஒரு நல்ல தட்டுக்கடை, உட்கார்ந்து கேக்க ஒரு கச்சேரி. இந்த ரெண்டும் இல்லாத ஊர்ல எனக்கு என்ன வேலை? டிக்கெட் எடுத்துக் குடு, நான் போறேன்,” என்றார் ஒருநாள் மகளிடம். அதன் பிறகுதான் மருமகன் சனிக்கிழமைதோறும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கடை தேட ஆரம்பித்தான்.

தேடினார்கள். ஒரு காபிக் கடையில் தட்டு சுழல்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, அவர் காலணியைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி ஓடினார். உள்ளே போய்க் குனிந்து பார்த்தால் ஊசி தட்டைத் தொடவே இல்லை. விரல்கடை உயரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டு யாருடைய செல்போனிலிருந்தோ வந்தது. “இது அழகுக்கு சார்,” என்றான் காபி போடுகிறவன். “அப்போ காபியும் அழகுக்குத்தானா?” என்று கேட்டுவிட்டுக் குடிக்காமல் வந்தார். வாசலில் ‘நேரடி இசை’ என்று எழுதியிருந்த ஓட்டலில், கோட் போட்ட ஒருவர் பின்னணி இசையைத் தட்டிவிட்டு அதன்மேல் பாடினார். நடுவில் இருமல் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்; பாட்டு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

“இந்த ஊர்ல எல்லாரும் வாயசைக்கிறானுங்க, மாப்பிள்ளை.”

“தேடுவோம் மாமா. கிடைக்கும்.”

கிடைத்தது, ஆனால் மருமகனால் அல்ல. கடிகாரக் கடைக்குப் போன அதே வாரம் குடியிருப்பின் லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றுபோயிற்று. பழுது பார்க்க வந்தவரிடம் மாமனார், “மோட்டார்ல கோளாறு இல்ல, கதவு காண்டாக்ட்டைப் பாருங்க. ரெண்டு நாளா முனகிட்டிருக்கு,” என்றார். அவர் சொன்னது சரியாக இருந்தது. தொழில்காரர்கள் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பாட்டுக்கு வந்தது.

“அண்ணே, நான் லிஃப்ட் பார்க்குற பழைய குடோன் ஒண்ணு இருக்கு. மூணாவது மாடி முழுக்கத் தட்டுதான். சரக்கு லிஃப்ட் அடிக்கடி மூச்சு வாங்குறதே அந்தச் சுமையாலதான். சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்கவும் செய்றாங்க. ஊசியக்கா கடைன்னு கேளுங்க.”

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது மருமகன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று மாமனார் எதிர்பார்த்தார். வரவில்லை.

“அங்க வண்டி நிறுத்த இடமே இருக்காது மாமா.”

“தூரமா நிறுத்திட்டு நடப்போம்.”

“மழை வர்ற மாதிரி இருக்கு.”

“நனைஞ்சா கரைஞ்சா போயிடுவீங்க?”

“அந்தக் கடை அவ்வளவு நல்லா இருக்காதுன்னு…”

“போகாமலே எப்படித் தெரியும்?”

கார் ஓட்டும்போது அவன் இரண்டு தடவை தப்பான தெருவில் திரும்பினான்.

மூன்றாம் மாடிக் கதவைத் தள்ளியதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். தரையிலிருந்து கூரை வரை தட்டுகள். காகித உறையும் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் தூசும் கலந்த அந்த வாசனை. கடைசி ஜன்னலோரம் இருபது நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் பேசவில்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்குத் தோள்கள் தளர்ந்தன. கல்லாவில் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெரிய உருவம், கையில் பூதக்கண்ணாடியோடு, ஏதோ ஓர் ஊசியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. ஊசியக்கா. தலையை நிமிர்த்தாமலே, “உட்காருங்க, ஆரம்பிக்கப் போறாங்க,” என்றாள். மருமகன் அலமாரிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

மூன்று பேர் வாசித்தார்கள். கிளாரினெட் வாசித்தவள் வார நாட்களில் பல் டாக்டராம். கிட்டாரும் சின்ன டிரம்மும் அவளைப் பார்த்துப் பார்த்துக் கூட வந்தன. நிஜக் காற்று, நிஜ மூச்சு. மூச்சு எடுக்கும் இடங்கள்கூடக் காதில் விழுந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவதாக ஆரம்பித்த மெட்டு அவருக்குத் தெரிந்தது. தெரிந்தது என்றால், உடம்புக்குத் தெரிந்தது. விரல் தொடையில் தானாகத் தாளம் போட்டது. இரண்டாம் சரணத்தில் மெட்டு மேலே ஏறி, ஏறி, உச்சியைத் தொடப்போகும் இடத்தில் பாதி வரியைவிட்டு ஒரே தாவாகக் கீழே இறங்கியது. அவரும் கூடவே தாவினார். சுகமாக இருந்தது. பிறகுதான் சுரீரென்றது. கண்ணைத் திறந்தார்.

“நிறுத்துங்க!”

டிரம் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டு ஓய்ந்தது. எல்லாத் தலையும் திரும்பியது.

“அந்த இடத்துல ஏம்மா தாவினே?”

பல் டாக்டர் குழலை மடியில் இறக்கினாள். “பாட்டே அப்படித்தான் சார். கேட்டுக் கேட்டுத்தான் படிச்சேன்.”

“பாட்டு அப்படியில்ல. அது என் ஸ்குரூடிரைவர்.”

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “பதினெட்டு வருஷம் முன்னாடி என் கை நழுவி அந்தத் தட்டு மேல விழுந்துச்சு. அன்னையிலேருந்து ஊசி அங்கே தாவும். உலகத்துல வேற எந்தத் தட்டும் அந்த இடத்துல தாவாது. எங்கே வாங்கினே?”

“இங்கதான். போன மாசம்.”

ஊசியக்கா எழுந்து வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை, அலமாரி இடுக்கைப் பார்த்தாள்.

“தம்பி, நீங்கதானே அன்னைக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து கேட்டீங்க? பழைய சாமான் கடையில போட்ட பெட்டி, எழுபத்தோரு ரெக்கார்டுன்னு? நான்தான் சொன்னேனே, அங்கேருந்து இங்க வந்தது எல்லாம் ரெண்டே வாரத்துல ஆளாளுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு.”

மருமகன் வெளியே வந்தான். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தான், மறுபடி துடைத்தான்.

“மாமா, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.”

“இங்கேயே பேசு.”

பேசு. கல்யாணமாகி எட்டு வருடத்தில் ஒருநாளும் ‘நீங்க’ தவிர வேறு சொல் அந்த வாயிலிருந்து அவனுக்கு வந்ததில்லை. அவனுக்கு அது அறை விழுந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

“பெட்டி வந்துச்சு மாமா. மேல பெருசா, ‘பழைய தட்டு, கவனம்’னு எழுதியிருந்தீங்க. அவ சாப்பாட்டுத் தட்டுன்னு நினைச்சுட்டா. ஏற்கெனவே வீட்டுல அலமாரி கொள்ளாத தட்டு. நீங்க அன்னைக்குத் தூங்கிட்டிருந்தீங்க. பிரிக்காமலே எடுத்துட்டுப் போய்க் கொடுத்துட்டோம்.”

கிட்டார்க்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். மாமனாருக்கே ஒரு கணம் தொண்டையில் சிரிப்பு போல ஏதோ புரண்டது. கோபம் அதை அப்படியே விழுங்கிவிட்டது.

“பெத்த பொண்ணுக்கு அப்பன் வீட்டுல எது தட்டுன்னு தெரியாதா? அவ தொட்டில்ல கிடக்கும்போதே நான் தட்டுன்னா ஒரே தட்டுதான். சாப்பிடறதை நான் என்னைக்காவது தட்டுன்னு சொல்லியிருக்கேனா? ‘சோறு வைடீ’ன்னுதான் சொல்லுவேன்!”

“நீங்க எழுந்து கேட்டப்போதான் அவளுக்குப் புரிஞ்சது. நடுங்கிப் போயிட்டா. அந்த நேரத்துல வாயில வந்தது லாரிதான். ஒரு தடவை சொன்ன பிறகு மாத்த முடியல மாமா. நானும் எங்கெங்கேயோ அலைஞ்சு பார்த்தேன்.”

“அலைஞ்சியா? சனிக்கிழமைதோறும் என்னையும் கூட்டிட்டு அலைஞ்சியே, இந்தத் தெருவை மட்டும் விட்டுட்டு. கடிகாரக் கடைக்கு! காபிக் கடைக்கு! நான் அங்க நின்னு கத்தினப்போ உன் மனசுக்குள்ள என்ன ஓடுச்சு?”

பல் டாக்டர் மெல்ல எழுந்து, “சார், அந்த ரெக்கார்டு என் வீட்டுல பத்திரமா இருக்கு. நாளைக்கே கொண்டுவந்து கொடுத்துடறேன்,” என்றாள்.

“தட்டு கிடக்கட்டும்மா,” என்றார் அவர். சொன்ன பிறகு, தான் அப்படிச் சொன்னது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. “தட்டு போனா போகுது. எழுதினவன் நான், தப்பு என் பேர்லயும் இருக்கு. ஆனா அந்த லாரி ஆபீஸ்காரன்… தினமும் காலையில எழுந்து அவனைத் திருடன்னு சொன்னேன். உன் முன்னாடிதான் சொன்னேன். நீ டை கட்டிக்கிட்டு நின்னே. அவ எனக்கு டீ கொண்டுவந்து வெச்சா. ‘உங்க பொண்ணே கையெழுத்துப் போட்டிருக்காங்க’ன்னு அவன் சொன்னது மொத்தமும் நிஜம். நான் அவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டினேன். ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே இருந்தீங்களே!”

குரல் உடைந்தது. அவமானத்துக்கும் கோபத்துக்கும் ஒரே தொண்டைதானே இருக்கிறது. ஊசியக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கீழே யாரோ ஒரு வண்டியில் டயர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுகிற ஒவ்வொன்றையும் ஒருவன் உரக்க எண்ணினான்.

மருமகனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். திரையைப் பார்த்த அவன் முகத்திலேயே யார் என்று தெரிந்தது. எடுக்காமல், அணைக்காமல், கையில் வைத்துக்கொண்டு நின்றான். மாமனார் கையை நீட்டி வாங்கிக் காதில் வைத்தார்.

“ஏங்க, எங்க இருக்கீங்க? அப்பா ஏதாவது கடை கண்டுபிடிச்சாரா?”

“நான்தாம்மா.”

“அப்பாவா? என்னப்பா, குரலே சரியில்ல? அந்த லாரிக்காரன் இன்னைக்கும் ஏதாவது சொன்னானா? விடுங்கப்பா. அவங்க வாய் கூசாம பொய் சொல்ற ஆளுங்க.”

சொல்ல வேண்டியதெல்லாம் அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது: லாரி ஆபீஸ்காரனைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும், இப்போது சரியான விலாசம் தெரிந்து, கிளம்பத் தயாராக. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அம்மாடி,” என்றார். கத்தவில்லை, அதில்தான் மருமகன் பயந்துபோனான். “அந்தப் பெட்டி என்ன ஆச்சுன்னு எனக்கு இன்னொரு தடவை சொல்லு. முதல்லேருந்து சொல்லு. அவசரமில்ல, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”