கோழிக் கூண்டுக்கு ஒரு நிர்வாகி

கோழி வளர்ப்பு என்பது நிர்வாகத்தின் ஒரு கிளை. அதற்கு அதிகாரமுள்ள ஒரு குரல் போதும், வேறெதுவும் வேண்டாம். விழிதியூர் தெட்சிணாமூர்த்தி இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். கொம்யூன் பஞ்சாயத்தில் பத்தொன்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து, ஒரு பியூனைக்கூட நேரத்துக்கு வரவைக்க முடியாதவர் என்பதால் நிர்வாகத்தின் நுட்பம் அவருக்குத் தெரியும்.

வீட்டுக்குள் கோழி நுழைந்தது எண்பத்திரண்டில். மனைவி கல்யாணசுந்தரி மாதர் சங்கப் பயிற்சிக்குப் போய், பன்னிரண்டு வெள்ளை லெகான் கோழிகளோடு திரும்பினாள். கொல்லைத் தாழ்வாரத்தில் பாதி கூண்டுக்குப் போயிற்று. மீதிப் பாதியில் அவருடைய சாய்வு நாற்காலியும் மதியத் தூக்கமும் ஒண்டிக்கொண்டன.

லெகான் பயந்தாங்கொள்ளி. பழகாத உருவத்தைக் கண்டால் கம்பி வலையில் போய் மோதும். மறுநாள் முட்டை குறையும். அதனால் கல்யாணசுந்தரி உள்ளே போகும்போதெல்லாம் ஒரே கத்தரிப்பூ நிறச் சேலையைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். இதை அவர் டீக்கடை வரை கொண்டுபோய்ச் சிரித்தார். கவர்னரைப் பார்க்கப் போகிறவன்கூட இவ்வளவு உடுப்புப் பார்க்கமாட்டானாம்.

தங்கையின் பிரசவத்துக்காக அவள் பத்து நாள் நெடுங்காட்டுக்குக் கிளம்பினாள்.

"நான் வர்றப்ப ஒரு நாளைக்குப் பத்து முட்டைக்குக் கொறஞ்சிருந்துச்சுன்னா, இன்னொரு டஜன் கோழி வாங்கிருவேங்க. ஒங்க நாற்காலிய வாசல்ல போட்டுக்கங்க."

"போயிட்டு வா. நிர்வாகம்னா என்னான்னு அதுவ இப்பதான் பாக்கப் போவுது."

வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக உள்ளே போய்க் குரல் கொடுத்தார். கோழிகள் கூரைக்கும் சுவருக்குமாகப் பறந்தன. மறுநாள் ஆறு முட்டை. அதிகாரத்தைக் கூட்டினார், மூன்று. அதிலும் ஒன்று ஓடே இல்லாத தோல்முட்டை. ஆறாம் நாள் அதுவும் இல்லை. நாற்காலி வாசலில், பஸ் கிளப்பும் புழுதியில் கிடப்பதை நினைத்துப் பார்த்தார். அன்று மதியம் கண்ணை மூட முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தார். கொடியில் கிடந்த கத்தரிப்பூச் சேலையைச் சட்டைமேல் சுற்றிக்கொண்டு, தீவனத் தட்டோடு கூண்டுக்குள் குனிந்தார். பன்னிரண்டும் காலடிக்கு வந்து கொத்த ஆரம்பித்தன. ஒன்று அவர் பாதத்தின்மேல் ஏறியே நின்றுகொண்டது.

வேலிக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டு முத்தையன் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, எப்ப வந்தீங்க? அண்ணன் ஒழுங்கா பாத்துக்கிட்டாரா கோழிய?"

தெட்சிணாமூர்த்தி முந்தானையை மீசைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.