வீட்டுப் பாத்தி

“உங்க வீட்டுக்குப் பறிக்கிற கீரை எது?” என்று குவே அக்கா ஒரு நாள் என்னைக் கேட்டாள். எங்கள் ஊர்க் கீரையில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க ஹனோயிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி அவள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, ஏவுவார்கள், அவ்வளவுதான். கேள்வி எனக்குத்தானா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் பின்னால் கை காட்டினேன்.

விற்கிற வள்ளைக்கீரை பெரிய குளத்தில் வளரும். அதற்கு அம்மா பூச்சிமருந்து அடிப்பாள். வீட்டுக்கென்று பின்சுவரோரம் தனிப் பாத்தி. அதில் ஒரு சொட்டு மருந்து விழ விடமாட்டாள். ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். சுவருக்கு அப்பால் பழைய பேட்டரி உடைத்து ஈயம் எடுக்கும் கொட்டகை இருந்தது. அது மூடியபிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இரண்டு கீரையையும் எடுத்துப்போன அக்கா, அவற்றைச் சாம்பலாக்கி அமிலத்தில் கரைத்துச் சின்னக் குப்பிகளில் கொண்டுவந்தாள். முடிவை எழுதிக் கொடுத்தால் ஊரில் நம்புவதில்லையாம். அதனால் கருவியை எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே வைத்தாள். பேனா மாதிரி ஒரு குச்சி, முனையில் கறுப்புப் பொட்டு. ஈரத்துணியில் வெள்ளைத்தூளைத் தூவி, எட்டுப் போட்டு அந்தப் பொட்டைத் தேய்க்கும் வேலை எனக்கு. அதன்மேல் அவள் பிஸ்மத் என்ற உலோகத்தை மெல்லிய படலமாக ஏற்றுவாள். கரைசலில் ஈயம் இருந்தால் படலத்தில் வந்து ஒட்டும். மின்சாரத்தை மாற்றினால் கழன்று வரும். திரையில் கோடு மேடாக எழும்.

“அழுத்தாத தோம். தூங்குற குழந்தைக்குத் தலை தடவுற மாதிரி.”

என் பெயரைச் சொல்லி ஒருவர் மெதுவாகப் பேசி எவ்வளவு நாளாயிற்று. சோதனை முடியவே வேண்டாம் என்றிருந்தது.

குளத்துக் கீரைக்குக் கோடு லேசாகத் தலைதூக்கிப் படுத்துக்கொண்டது.

“பாத்தியா! வியாபாரிப் பயலுங்க என் கீரையைப் பாம்பைப் பாக்கிற மாதிரி பாத்தானுங்களே!” அம்மா சிரித்தபடி வேகவைத்த கீரையைக் கொண்டுவந்து, அதன் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தாள். “சாப்பிட்டுப் போம்மா. எங்க பாத்திக் கீரைதான், பயப்படாத.”

அக்கா பாத்திக் கீரைக் குப்பியை வைத்தாள். கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போனது.

“நான் சரியாத் தேய்க்கலையாக்கா?”

அவளே தேய்த்து, படலம் ஏற்றி, மறுபடி வைத்தாள். அதே மேடு.

“தோம், உனக்கு வயிறு வலிக்குமா?”

“அடிக்கடி.”

“தலை?”

“அதுக்குத்தானே பள்ளிக்கூடம் நின்னேன். படிச்சது எதுவும் தங்காது.”

அக்கா அம்மாவைப் பார்த்தாள். “ஈயம் அதைத்தான் செய்யும், அத்தை. ரத்தம் எடுத்துப் பாக்கணும். அடுத்த வாரம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“மெலிஞ்சு கிடக்காளேன்னு இவளுக்குத்தான் ரெண்டு கை கூட வைப்பேன்...” என்றாள் அம்மா.

அடுத்த வாரமும் அக்கா வருவாள். அந்த நேரத்தில் எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது. மேசைக்கடியில் விரலால் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா கீரைக் கிண்ணத்தை என் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள். கதவோரம் சாய்த்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு, பின்பக்கம் பாத்திக்குப் போனாள்.