ஒலி முகம்மதுவின் மணிக்கட்டு

1

இந்தக் கதை எனக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் பையில் வந்தது. உள்ளே ஒரு கிலோ வஞ்சிரம், துண்டு போட்டது, ஐஸ்கூட இன்னும் கரையவில்லை. கொண்டுவந்து நீட்டியவர் பக்கத்து வீட்டுச் சுந்தரேசன். அவர் பரம்பரைச் சைவம். எங்கள் வீட்டில் மீன் பொரித்தால் காரிடாரைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்பவர்.

நூலக வாசகர் வட்டத்தில் கதைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பார்கள். நினைவிலிருந்து, வலியிலிருந்து என்று ஏதாவது சொல்லிவைப்பேன். இந்தமுறை மறைக்க ஒன்றுமில்லை. தொடர்ந்து பதினாறு ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் எனக்கு மீன் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். பகலில் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள் நான். பெயர் ரஞ்சிதம். சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் ஒன்பதாவது மாடி. என் கணவர் இருதயராஜ் மீன் என்றால் உயிரை விடுவார். பதினாறு வாரம் அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

காலம் என்பது ஓர் ஆறு. அதில் நாமெல்லாம்

(போதும். காலத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் மணி பார்ப்பதே கைபேசியில்தான்.)

சுந்தரேசனுக்கு நாற்பத்தொரு கைக்கடிகாரங்களும் ஒரு மனைவியும் உண்டு.

(இது நல்ல வாக்கியம். அந்த மனைவி, வைதேகி, படிப்பாள் என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.)

நாற்பத்தொன்று என்பது உண்மை. எல்லார் வீட்டிலும், குண்டு விழுந்தால் பதுங்க அரசாங்கம் கட்டித்தந்த பாம் ஷெல்டர் அறைக்குள் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் இருக்கும். சுந்தரேசன் வீட்டு பாம் ஷெல்டரின் இரும்புக் கதவைத் திறந்தால் கண்ணாடி அலமாரியும் ஈரம் உறிஞ்சும் பெட்டியும் இருக்கும், உள்ளே வரிசையாகக் கடிகாரங்கள். ஒன்றில் ஒரே ஒரு முள். இன்னொன்று பின்பக்கமாக ஓடும். இன்னொன்றில் பார்வையற்றவர்கள் விரலால் தடவி மணி அறியலாம். தானாகச் சாவி ஏறும் நான்கைச் சின்ன மோட்டார்ப் பெட்டிகள் நாள் முழுக்கச் சுழற்றிக்கொண்டே இருக்கும். நடுத்தட்டில் தங்கத்தில் ஒரு சுவிட்சர்லாந்துக் கடிகாரம். அதை அவர் வெளியே போட்டுக்கொண்டு போனதே இல்லை. சனிக்கிழமை மாலை கையில் கட்டிக்கொண்டு சோபாவில் அரைமணி நேரம் உட்காருவார், பிறகு கழற்றித் துடைத்து உள்ளே வைத்துவிடுவார். தன் கடிகாரத்தை இன்னொருவர் கையில் கட்டவிடக் கூடாது என்பது அவர் விதி. வைதேகி கையும் அதில் அடக்கம்.

[நாற்பத்தொன்று அல்ல, நாற்பத்து மூன்று. இரண்டு பழுதுபார்க்கப் போயிருக்கின்றன. — சுந்தரேசன்]

(சதுர அடைப்புக்குள் வருபவை என் கைப்பிரதியில் சுந்தரேசன் பென்சிலால் எழுதிய திருத்தங்கள். அவரிடம் அதை ஏன் கொடுத்தேன் என்பது ஆறாம் பகுதியில் வருகிறது.)

3

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுந்தரேசன் வைதேகியோடு தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனார். வைதேகி வாழைப்பூ பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் கழிப்பறையைத் தேடி வழிதவறி மீன் பகுதிக்குள் நுழைந்துவிட்டார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்து நடந்தவர், ஒரு கடைமுன் நின்றார். கைக்குட்டை தானாகக் கீழே இறங்கியது.

கடைக்காரர் ஒரு பெரிய கொடுவாயைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். ரப்பர் கையுறைக்கு மேலே, மணிக்கட்டில், அது இருந்தது. பதினோரு வருடமாகச் சுந்தரேசன் படத்தில் மட்டும் பார்த்து ஏங்கிய கடிகாரம். எழுபதுகளில் செய்தது, செய்த நிறுவனம் என்றோ மூடிப்போனது. அதற்கு முள் கிடையாது. சின்ன ஜன்னலில் மணி எண் மட்டும் தெரியும். மணி ஆனதும் அந்த எண் மெல்ல மாறும்.

[மெல்ல மாறாது. அறுபது நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு ஒரே துள்ளலில் மாறும். கண் இமைத்தால் தவறிவிடும். இது மிக முக்கியமான பிழை. — சுந்தரேசன்]

மீன்காரர் கையில் முள்ளில்லாத கடிகாரம் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தேன். நீங்கள் இப்போது படித்தது அடித்ததைத்தான்.

கடிகாரத்தின் கண்ணாடிமேல் ஒரு செதில் ஒட்டியிருந்தது. சுந்தரேசனுக்கு அதைத் துடைக்கக் கை பரபரத்ததாம்.

“என்ன வேணும் சார்?” என்றார் ஒலி முகம்மது. அதுதான் கடைக்காரர் பெயர்.

சேகரிப்பாளர்கள் ஆசையை வெளியே காட்ட மாட்டார்கள். காட்டினால் காரியம் கெட்டுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே சுந்தரேசன் கண்ணில்பட்ட மீனை விரலால் காட்டி ஒரு கிலோ என்றார். முழுசாகவா, துண்டு போடவா என்று ஒலி முகம்மது கேட்டார்.

“உங்க இஷ்டம்” என்றார் சுந்தரேசன்.

4

அடுத்த வாரமே அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மீன் வெட்ட எவ்வளவு நேரமாகிறதோ அவ்வளவு நேரம் அந்த மணிக்கட்டைப் பார்க்கலாம். துண்டு மெல்லிசாக வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார். பிறகு இறால், தோல் உரித்து. ஆறாவது வாரம் நெத்திலிக்கு வந்துவிட்டார். ஒரு கிலோ நெத்திலியை ஒவ்வொன்றாக ஆய்ந்து தரும்படி கேட்டு, முக்கால் மணி நேரம் கடைமுன் நின்றார். ஒலி முகம்மது கை ஐஸுக்குள் போகும்போதெல்லாம் இவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கடிகாரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது.

வைதேகியிடம் காலை நடை என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். திரும்பி வந்ததும் மின்தூக்கியிலிருந்து நேராக எங்கள் கிரில் கதவுக்கு வந்து பையை நீட்டுவார். முதல் வாரமே எல்லாவற்றையும் சொல்லி, வைதேகிக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரே வாரம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

இங்கே எழுத்தாளர் என்ற முறையில் என் மேலுள்ள சந்தேகத்தை நானே சொல்லிவிடுகிறேன். நேராகப் போய் கடிகாரத்தைக் கேளுங்கள் என்று சுந்தரேசனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை நான்காம் பகுதியில் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. கதை வளர வேண்டும் என்பதற்காக என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். நெத்திலி நன்றாக இருந்தது.

5

வைதேகியும் நானும் வாரத்தில் நான்கு நாள் மாலையில் ஒன்றாக நடப்போம். எட்டு வருடப் பழக்கம். தெம்பனிஸில் இருக்கும் அலுவலகத்திலிருந்து சுந்தரேசன் ரயில் மாறி மாறி வீடு வந்துசேர ஏழாகும் என்பதால் அவளுக்கு அந்த நேரம் காலி.

அன்று பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு மீன் செதில். அவர் சட்டைப்பையில் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இரண்டுமுறை குளிக்கிறார், தன் சட்டையைத் தானே துவைக்கிறார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் சொன்னாள்:

“அவர் மீன் சாப்பிட்டா சாப்பிட்டுட்டுப் போகட்டும் ரஞ்சி. நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்? இருபத்தாறு வருஷத்துக்கப்புறம் என்கிட்ட ஏன் மறைக்கணும்? அதுதான் எனக்குத் தாங்கல.”

முதல் பிரதியில், இந்த இடத்தில் நான் அவள் கையைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிடுவதாக எழுதியிருந்தேன். நான்கு பத்தி. உருக்கமாகவே வந்திருந்தது.

உண்மையில் நான், “ஆம்பளைங்க அப்படித்தான், விடு” என்றேன். அன்று மதியம் சாப்பிட்ட வஞ்சிரக் குழம்பு இன்னும் செரித்திருக்கவில்லை.

அவள் அந்தச் செதிலைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

6

வைதேகியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சுந்தரேசனிடம் உங்கள் மனைவி இப்படி வருந்துகிறாள் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் வாய் வரவில்லை. எழுத்தாளர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் செய்யும் கோழைத்தனத்தைச் செய்தேன். அதுவரை எழுதிய ஐந்து பகுதிகளையும் அச்செடுத்து அவரிடம் கொடுத்து, கடிகார விவரமெல்லாம் சரியா பாருங்கள் சார் என்றேன்.

இரண்டு நாளில் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில். முதல் நான்கு பகுதிகளில் மட்டும் பதினேழு திருத்தங்கள், அத்தனையும் கடிகாரத்தைப் பற்றி. அவர் மூக்கைப் பொத்தியதையோ மனைவியிடம் காலை நடை என்று பொய் சொன்னதையோ அவர் கண்டுகொள்ளவே இல்லை. நான் இனி உங்களுக்குக் காட்டப்போவது கடைசியாக இருந்த பென்சில் வரி. ஐந்தாம் பகுதியின் ஓரத்தில் இருந்தது:

[இதை அவள் எப்போது சொன்னாள்?]

கீழே பெயர்கூடப் போடவில்லை.

அன்றைக்கே அவர் வைதேகியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லத் தெரியாமல் என் கைப்பிரதியைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார் என்பதே சரி. அதனால் அவளுக்கு அவர் விஷயம் தெரிந்த அதே நிமிடம் என் விஷயமும் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து நான் சொன்ன பொய், அதற்குமுன் சாப்பிட்ட குழம்பு, எல்லாம் என் கைப்படவே எழுதியிருக்கிறேனே.

மறுநாள் நடைக்கு நான் கீழே காத்திருந்தேன். அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

7

இந்தப் பகுதியை நேரில் பார்த்தவர் என் கணவர். அந்த ஞாயிறு பை வராததால் ஒன்பதரை மணிவரை பொறுத்திருந்துவிட்டு அவரே தேக்காவுக்கு ரயிலேறினார். நல்லது நினைத்துப் போகவில்லை, மீனுக்குத்தான் போனார். என்றாலும் எனக்கு ஒரு சாட்சி கிடைத்தது.

ஒலி முகம்மது கடைமுன் சுந்தரேசனும் வைதேகியும் நின்றார்களாம். மூக்கைப் பொத்தியிருந்தது வைதேகி மட்டும். சுந்தரேசனுக்கு அந்த வாசனை பழகிவிட்டது. கையில் அந்தத் தங்கக் கடிகாரம். தன்னையும் ஒரு சேகரிப்பாளர் என்று மதிக்கட்டும் என்று முதன்முறையாக வெளியே கட்டிவந்திருந்தார். பேச்சை எப்படித் தொடங்குவது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வைதேகி தொடங்கிவிட்டாள்.

“பாய், இவருக்கு உங்க வாட்ச் மேல ஆசை. நாலு மாசமா அதைப் பாக்கத்தான் மீன் வாங்கறார். நாங்க சைவம்.”

ஒலி முகம்மது கத்தியைக் கீழே வைத்தார்.

“அதுக்கா சார் என்னை உக்காரவச்சு நெத்திலி ஆய வச்சீங்க?”

அது அவருடைய மாமனார் கட்டியிருந்தது, கல்யாணத்தின்போது கழற்றிக் கொடுத்தாராம். விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சுந்தரேசன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கட்டிப் பாருங்கள் என்றார். ஆனால் ஒரு வாரம் தன் கை வெறுமையாக இருக்க முடியாது. பதிலுக்குச் சுந்தரேசன் கையிலிருப்பது வேண்டும். அது என்ன கடிகாரம் என்று ஒலி முகம்மதுக்குத் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது. சுந்தரேசன் மீன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றதை வைத்து அதன் விலையை என் கணவர் ஊகித்தாராம்.

“என் வீட்டுக்காரிக்குத் தெரியாம ஒரு வாரம் ஓட்டிடலாம்லா” என்று ஒலி முகம்மது சொல்ல, வைதேகி உடனே வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் எங்களுக்கு வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றாள். அவர் அங்கேயே மனைவி ருக்ஸானாவைக் கைபேசியில் அழைத்தார். அந்த நாற்றம் பிடித்த வாட்ச் ஒரு வாரமென்ன, ஒரு மாதம் வெளியே இருந்தாலும் சந்தோஷம் என்று அந்தப் பக்கம் பதில் வந்தது. சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்டதாம்.

பிறகு எல்லாரும் சுந்தரேசன் கையைப் பார்த்தார்கள்.

(இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் மறுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். ஒன்றில் கண்கலங்கிக் கழற்றித் தருகிறார். இன்னொன்றில் என் கணவர் குறுக்கே வந்து தன் கடிகாரத்தைத் தருகிறார். அவரிடம் கடிகாரம் கிடையாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.)

அவர் கழற்றவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கையை வைதேகி பக்கம் நீட்டினார். தன் கடிகாரத்தை அவள் தொடுவதற்கு அவர் கை நீட்டியது அதுதான் முதல்முறை. அவள் பக்கிளை விடுவித்து, புடவைத் தலைப்பில் துடைத்து, மீன்காரரிடம் கொடுத்தாள்.

8

அந்த வாரம் எப்படிப் போனது என்பதைக் காரிடார் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மீன் வாடையோடு அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று வைதேகி சொல்லிவிட்டாள். வேலை முடிந்து வந்து சுந்தரேசன் காரிடாரில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு உட்காருவார். தினமும் ஒலி முகம்மது கைபேசியில் ஒரு படம் அனுப்புவார்: தங்கக் கடிகாரமும் சுறாவும், தங்கக் கடிகாரமும் கணவாயும். சுந்தரேசன் படத்தைப் பெரிதாக்கிக் கீறல் தேடுவார். பிறகு ஒருநாள் தேடாமல் சிரித்ததைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் வைதேகியும் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எண் எப்போது துள்ளும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழைய இயந்திரம், சில நாள் மூன்று நிமிடம் தாமதமாகத் துள்ளும், சில நாள் துள்ளவே துள்ளாது. என் ஜன்னல் பக்கம் அவள் திரும்பவில்லை.

(வைதேகி என் கதவைத் தட்டினாள். அவள் கண்களில்) இல்லை. தட்டவில்லை. நான்தான் வியாழக்கிழமை போய்க் கதவைத் தட்டினேன். தப்பு என்னுடையது, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். கதையில் தன் பெயரை மாற்றச் சொன்னாள். மாற்றுகிறேன் என்றேன். வேறெந்தப் பெயரும் அவளுக்குப் பொருந்தவில்லை.

இன்று சனிக்கிழமை. நாளை தேக்காவில் கடிகாரங்கள் கை மாற வேண்டும். சுந்தரேசன் கழற்றித் தருவாரா, ஒலி முகம்மது வருவாரா, தங்கத்தில் வாடை போகுமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வாசகரே, அவற்றை உங்களுக்குப் பிடித்தபடி முடித்துக்கொள்ளுங்கள். மீன் தொடர்ந்து வருவதாக முடித்தால் என் கணவர் நன்றியுள்ளவராக இருப்பார்.

மணி ஆறு ஐம்பத்தெட்டு. அவர்கள் இருவரும் வெளியே இருக்கிறார்கள். வைதேகி எழுந்து உள்ளே போகிறாள். இன்னொரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போடுகிறாள். யாருக்கென்று சொல்லவில்லை.

இப்போது சொல்கிறாள்.

“ரஞ்சி, எழுதினது போதும். வா, மாறப்போகுது.”

இதற்குமேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் நான் அந்தத் துள்ளலைத் தவற