நாணயத்தின் மேல் நடந்த மாப்பிள்ளை

கோட்டோஹிகி குன்றின் மேல் நின்று கடற்கரை மணலில் பள்ளம் பறித்து, எழுத்தும் நடுச்சதுரமுமாக வரைந்திருக்கும் பிரம்மாண்டமான மணல் நாணயத்தைப் பார்த்தால் ஆயுசுக்கும் பணமுடை வராதாம். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், என் வீட்டுக் கூரை இன்னும் ஒழுகுகிறது. என் அண்ணி மிசாவோவுக்கு மட்டும் நம்பிக்கை தளரவில்லை. ஒசாகாவிலிருந்து வசதியான வரன் வந்ததே நாணயத்தின் அருள்தான் என்று சொல்லி, பெண் பார்க்க வருபவர்களை அந்தக் குன்றுக்கே வரவழைத்தாள். அன்றைக்கே அவள் மகள் சிஹாயா பதில் சொல்லியாக வேண்டும்.

மாப்பிள்ளை ரெய்ஜி சட்டை மடிப்புக் கலையாமல் வந்தான். பெண்ணைப் பார்த்ததைவிடக் கைபேசியைத்தான் அதிகம் பார்த்தான்.

“இங்கேருந்து சின்னதா தெரியுது. கிட்டப் போய் போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்.”

“கீழ போனா ஒண்ணும் தெரியாது தம்பி,” என்றேன். காதில் போட்டுக்கொண்டால்தானே.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்; இவன் அகலமும் தெரியாமல் விட்டான். தடுப்புக் கயிற்றைத் தாண்டி, விளிம்பேறி, எழுத்தை மிதித்துத் துவைத்து, நாணயத்தின் நடுச்சதுரத்தில் நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தான். அண்ணி பதிலுக்குக் கையசைத்தாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

திரும்பி வந்தவன், “வெறும் பள்ளம்ங்க. படமே இல்ல,” என்றான்.

“இப்ப பாருங்க. உங்க கால்தடமும் சேர்ந்து இருக்கு,” என்றாள் சிஹாயா.

அவன் தாய் தொகிகோ சிரித்தாள். “மணல்தானேம்மா. காத்தடிச்சா போயிடும்.”

“போகாதும்மா. வருஷத்துக்கு ரெண்டு தரம் ஊரே மண்வெட்டியோட இறங்கணும். குன்று மேல நிக்கிறவர் சொல்லச் சொல்லக் கீழ சீர் பண்ணணும். இவர் மிதிச்ச எழுத்து எங்க தெருவோட பங்கு. பள்ளிக்கூடம் போற காலத்துலேருந்து வெட்டறேன்.” பிறகு அவனிடம் கேட்டாள்: “அடுத்த தடவை நீங்களும் வருவீங்களா?”

வருகிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்தக் கால்தடத்தைக்கூட மன்னித்திருப்பாள் எங்கள் பெண்.

ரெய்ஜி ஷூவிலிருந்த மணலைத் தட்டினான். “அதுக்கெல்லாம் நாம எதுக்கு? ஆள் வச்சுக்கலாம்.”

சிஹாயா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அப்போ கல்யாணத்துக்கும் ஆள் வச்சுக்குங்க.”